உச்சி வெயிலில் ஒரு வண்ணப் பட்டை

2017 பிப்ரவரி 20, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி சுமார். சிங்கப்பூரில் பலரும் கைத்தொலைபேசியை வானத்தை நோக்கித் தூக்கினார்கள். திரண்டு எழுந்த ஒரு மேகத்தின் தலையில் இளஞ்சிவப்பும் பச்சையும் ஆரஞ்சும் குழைத்துப் பூசிய ஒரு திட்டு. கால் மணி நேரம்போல நின்றது, பிறகு கலைந்துவிட்டது. 'நெருப்பு வானவில்' என்ற தலைப்போடு படங்கள் உலகச் செய்திகளில் ஏறின. ஜொகூர் நீரிணைக்கு இந்தப் பக்கம், ஜொகூரில் இருப்பவர்கள் இன்றும் மேகத்தில் வண்ணம் கண்டால் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அன்று தெரிந்தது அதுவல்ல. இதைச் சொல்ல மேகத்தை ஆராய வேண்டியதில்லை, கடிகாரம் போதும்.

நெருப்பு வானவில் என்று 2006 வாக்கில் அமெரிக்கப் பத்திரிகைகள் பெயர் சூட்டிப் பரப்பியது, தொடுவானத்துக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும் ஒரு வண்ணப் பட்டை. இந்த அத்தியாயத்தில் அதைக் 'கிடைவில்' என்று வைத்துக்கொள்வோம். அதில் நெருப்பும் இல்லை, மழைத்துளியும் இல்லை. பத்துக் கிலோமீட்டருக்கு மேலே மெல்லிய கீற்றுமேகங்களில் மிதக்கும் பனிப்படிகங்கள்தான் அதை உண்டாக்குகின்றன. இந்தப் படிகங்கள் அறுகோணத் தகடுகள். காற்றில் மெதுவாக இறங்கும்போது பெரும்பாலும் தட்டையாகவே மிதக்கும். வெயில் தகட்டின் பக்கச் சுவர் வழியே நுழைந்து அடிப்பக்கம் வழியே வெளியேறுகிறது. பக்கச் சுவரும் அடிப்பக்கமும் ஒன்றுக்கொன்று செங்குத்து. ஆகவே ஒவ்வொரு படிகமும் 90 பாகை முப்பட்டகமாக வேலை செய்து, ஒளியை அகலமாகப் பிரித்துவிடுகிறது. மழை வானவில்லைவிடக் கிடைவில்லில் நிறங்கள் துலக்கமாக இருப்பது இதனால்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 58 பாகைக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால், பக்கச் சுவரில் நுழைந்த ஒளி அடிப்பக்கத்தில் மிகச் சாய்வாகப் போய் விழும். பனிக்கட்டியை விட்டு வெளியேற முடியாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். சிங்கப்பூரில் அன்று சூரியன் மறைந்தது ஏழேகால் மணிக்குச் சற்றுப் பிறகு. அப்படியானால் ஐந்து மணி வாக்கில் அதன் உயரம் 32, 33 பாகைதான். அந்நேரத்தில் உலகத்துப் பனிப்படிகங்களை எல்லாம் கொண்டுவந்து கொட்டினாலும் கிடைவில் வராது.

அப்படியென்றால் அந்த வண்ணம்? மேக மினுக்கம். உச்சிக்கு உருண்டு ஏறும் மழைமேகம் தனக்கு மேலே உள்ள ஈரக்காற்றை முட்டித் தள்ளும். தள்ளப்பட்ட காற்று குளிர்ந்து, மேகத்தின் தலையில் மெல்லிய முக்காடாகப் படியும். அந்த முக்காட்டில் இருப்பவை அப்போதுதான் பிறந்த நீர்த்துளிகள். எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது, ஆகவே ஒரே அளவு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள இந்தத் துளிகளின் ஓரத்தில் ஒளி வளைந்து, ஒன்றோடொன்று மோதி, சில நிறங்கள் ஓங்கிச் சில நிறங்கள் அழியும். துளிகளின் அளவு இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்போது நிறமும் மாறும். அதனால்தான் இதில் சிவப்பிலிருந்து ஊதாவரை ஒழுங்கான வரிசை இருக்காது. முத்துச்சிப்பியின் உட்புறத்து நிறங்களைப்போல் கண்டபடி கலந்திருக்கும். கீழே இருக்கும் மேகம் தலையை நீட்டி முக்காட்டை விழுங்கிவிட்டால் காட்சி முடிந்தது. கால் மணி நேரக் கணக்கு இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. 2022 ஆகஸ்டில் சீனாவின் ஹைக்கோ நகரத்துக்கு மேலே தெரிந்து இணையத்தைக் கலக்கியதும் இதே வகைதான்.

இடிமேகம் மலிந்த ஊர்களுக்கு மேக மினுக்கம் பொதுச்சொத்து. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 170 நாள் இடி இடிக்கிறது, தென் ஜொகூரின் கணக்கும் அதை ஒட்டியதுதான். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சூரியனை ஒரு கட்டடத்தின் விளிம்பில் மறைத்துக்கொண்டு, அதற்கு அருகே கொதித்து எழும் மேகத்தின் தலையைப் பார்க்கிற பழக்கம் இருந்தால் போதும். சூரியனை மறைப்பது அழகுக்காக அல்ல, கண்ணுக்காக.

இனிக் கிடைவில்லுக்கு வருகிறேன். எனக்குச் சொல்ல இருப்பதும் அதைப் பற்றித்தான். ஐரோப்பியர் எழுதிய நூல்களில் அது வாழ்நாளில் சிலமுறையே காணக்கூடிய அபூர்வம் என்று இருக்கும். அவர்களுக்கு அது உண்மை. லண்டனில் கோடையின் உச்சத்திலும் சூரியன் 62 பாகையைத் தாண்டாது, அதுவும் சில வாரங்களுக்குத்தான். கோபன்ஹேகனுக்கு வடக்கே போனால் வாய்ப்பே இல்லை. சென்னைக்காரருக்கும் நவம்பர் பின்பாதி முதல் ஜனவரி பின்பாதி வரை கதவு அடைப்பு. ஜொகூர் பாருவோ நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைத் தூரத்தில் இருக்கிறது.

2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணம் பலருக்கு நினைவிருக்கும். கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் காலை ஒன்பதரை மணி சுமாருக்குத் தெரிந்த அந்த நெருப்பு மோதிரம், யாழ்ப்பாணத்தைத் தொட்டு, வங்கக் கடலைக் கடந்து, பிற்பகல் ஒன்றேகால் மணிக்கு மேல் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய்க்கு வந்தது. அங்கே கூடியவர்கள் தலையை நன்றாக அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. டிசம்பர் கடைசி, சூரியன் தெற்கே போய் ஒதுங்கியிருக்கும் காலம். அப்போதும் அதன் உயரம் 65 பாகை. அதாவது ஜொகூரின் மிகத் தாழ்ந்த நண்பகல் சூரியன்கூடக் கிடைவில்லுக்குத் தேவையான உயரத்தைத் தாண்டியே நிற்கிறது. டிசம்பரில் நாளொன்றுக்கு இரண்டே முக்கால் மணி நேரம், மார்ச்சிலும் செப்டம்பரிலும் நாலு மணி நேரத்துக்கும் மேல் வாசல் திறந்திருக்கும். கிடைவில் மிகப் பளிச்சென்று தெரிவது சூரியன் 68 பாகையில் இருக்கும்போது. ஜூன் மாத நண்பகலில் ஜொகூர் பாருவின் சூரியன் சொல்லிவைத்தாற்போல அங்கேதான் நிற்கிறது.

எங்கே பார்ப்பது? சூரியனுக்கு நேர் கீழே 46 பாகை தள்ளி. கையை முழுக்க நீட்டி விரல்களை அகல விரித்தால், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை சுமார் 22 பாகை. சூரியனிலிருந்து இரண்டு சாண் இறங்கினால் கிடைவில்லின் இடம். ஜூன் நண்பகலில் தொடுவானத்திலிருந்து ஒரு சாண் ஏறினாலும் அதே இடத்துக்கு வந்துவிடலாம். ஜூனில் சூரியன் வடக்கே இருப்பதால் வடவானத்தில் பாருங்கள். டிசம்பரில் தெற்கே, நீரிணைக்கு அந்தப் பக்கத்துக் கட்டடங்களுக்கு மேலே. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பதினொன்றரை மணி என்றால் கிழக்கு, இரண்டரை மணி என்றால் மேற்கு. மேல்விளிம்பு சிவப்பாகவும் கீழ்விளிம்பு ஊதாவாகவும், நேர்க்கோடாகப் பட்டை ஓடும். கீற்றுமேகம் இல்லாத இடத்தில் அறுந்து அறுந்து தெரியும்.

தினமும் வாசல் திறந்திருக்கிறது என்பதால் தினமும் காட்சி நடக்கும் என்று அர்த்தமில்லை. இடிமேகத்தின் உச்சியிலிருந்து பரவும் கீற்றுமேகத்தில் படிகங்கள் ஒழுங்கான தகடுகளாக இருப்பது குறைவு. நண்பகலுக்குள் கீழ்மட்டத்தில் பஞ்சுமேகங்கள் திரண்டு பார்வையை அடைத்துவிடும். ஆனாலும் கிடைவில் இங்கே அபூர்வமாகத் தோன்றுவதற்கு முதல் காரணம் நம் பழக்கம் என்றே நினைக்கிறேன். பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை இந்த வெயிலில் யார் வானத்தைப் பார்க்கிறார்கள்? செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர் மரத்தின் உச்சியைப் பார்ப்பார், அதுவும் முள்ளும் காயும் தலையில் விழாமல் இருக்க. மற்றவர்கள் குளிர்சாதன அறைக்குள் பசியாறிக்கொண்டிருப்போம்.

அதே கீற்றுமேகம் தரும் இன்னொரு காட்சி சூரியனையோ நிலவையோ சுற்றிய பெரிய வட்டம். சூரியனிலிருந்து சரியாக ஒரு சாண் தூரத்தில் இருக்கும். தமிழர்கள் இதைப் பார்த்து, கோட்டை கட்டியிருக்கிறது என்பார்கள். அகல் வட்டம் பகல் மழை என்று பழமொழியும் உண்டு. ஜொகூரில் இந்தப் பழமொழியை நம்பிக் குடை எடுக்க வேண்டாம். இங்கே தெரியும் கீற்றுமேகத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே எங்கோ பெய்து முடித்த இடிமழையின் மிச்சம்.

சாதாரண மழை வானவில்லின் கணக்கு இதற்கு நேர் எதிர். அதற்குச் சூரியன் தாழ்ந்திருக்க வேண்டும். துளிக்குள் நுழைந்து, பின்சுவரில் ஒருமுறை பிரதிபலித்து வெளிவரும் ஒளி, சூரியனுக்கு எதிர்த்திசையை மையமாகக் கொண்டு 42 பாகை ஆரத்தில் திரள்கிறது. அந்த மையம் உங்கள் தலையின் நிழல் விழும் திசை. சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் வட்டம் முழுவதும் தரைக்குக் கீழே போய்விடும். ஜொகூரில் சூரியன் ஏழு மணிக்கு எழுந்து ஏறக்குறைய நேர்க்குத்தாக மேலே ஏறுகிறது. ஆகவே காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை, என்ன மழை பெய்து என்ன வெயில் அடித்தாலும் சமதரையில் நிற்பவருக்கு வானவில் கிடையாது. இருபதாவது மாடியில் இருந்து கீழே பெய்யும் மழையைப் பார்ப்பவருக்கும், கோத்தா திங்கி அருவியின் சாரலைக் குனிந்து பார்ப்பவருக்கும் மட்டும் விதிவிலக்கு.

கருவி எதுவும் இல்லாமல் சூரியனின் உயரத்தை அளக்கலாம். நிழல் உங்கள் உயரத்துக்குச் சமமாகவோ குட்டையாகவோ இருந்தால் மழை வானவில்லைத் தேடாதீர்கள். ஐந்தடி ஆளுக்கு நிழல் மூன்றடிக்கும் குறைவாகிவிட்டால் கிடைவில்லைத் தேடத் தொடங்கலாம். இடைப்பட்ட நேரத்தில் வட்டமும் மினுக்கமும் மட்டுமே.

காலை வானவில் மேற்கே, மாலை வானவில் கிழக்கே. பொந்தியான், குக்குப் பக்கம் இருப்பவர்களுக்குக் காலை வானவில் கடல்மேல் நிற்கும். டெசாரு, மெர்சிங்காரர்களுக்கு மாலையில். மேற்குக் கரையில் இதற்கு ஒரு நடைமுறைப் பொருளும் உண்டு. ஏப்ரல் தொடங்கி நவம்பர்வரை விடியலை ஒட்டி மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் காற்றும் மழையுமான நீண்ட மேகவரிசையை வானிலையாளர்கள் 'சுமத்ரா' என்றே அழைக்கிறார்கள். கிழக்கே சூரியன் எழுந்துவிட்டு, மேற்கே சுமத்ரா கறுத்து வந்தால், அந்தக் கறுப்பின்மேல் வானவில் விழும். வரப்போகும் மழையில் தெரியும் வானவில் அது. கொடியில் துணி இருந்தால் எடுத்துவிடுவது நல்லது.

இரட்டை வானவில்லை அபூர்வம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் வில் பளிச்சென்று இருந்தால் இரண்டாவது வில் அதற்கு வெளியே 51 பாகையில், நிறவரிசை தலைகீழாக, பெரும்பாலும் இருக்கவே இருக்கும். இரண்டுக்கும் நடுவே வானம் இருண்டு கிடப்பதைத்தான் அதிகம்பேர் கவனிப்பதில்லை. முதல் வில்லின் உள்விளிம்பை ஒட்டிச் சில சமயம் இளம்பச்சை, ஊதா, மறுபடி இளம்பச்சை என்று மெல்லிய கூடுதல் பட்டைகள் தெரியும். ஒளியைத் துகள்களாக மட்டும் எண்ணிய கணக்கில் இவற்றுக்கு இடமே இல்லை. 1803இல் தாமஸ் யங் இவற்றைக் காட்டித்தான், ஒளி அலையாகவும் நடக்கிறது என்று வாதாடினார். துளிகள் சிறியவையாகவும் ஒரே அளவாகவும் இருக்கும் தூறலில் இவை எடுப்பாகத் தெரியும்.

உண்மையிலேயே அபூர்வமானது கவைவில். அடியில் ஒன்றாகப் புறப்பட்டு மேலே போகப் போக இரண்டாகப் பிரியும் வானவில் இது. இரட்டை வானவில்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இதில் இரண்டு கிளைகளிலும் நிறவரிசை ஒன்றே. இதன் காரணம் 2012இல் இமான் சாதேகியும் அவரோடு சேர்ந்தவர்களும் கணினியில் மழையைப் பெய்யவைத்துப் பார்த்தபோது தெளிவானது. சிறு துளிகள் உருண்டையாக இருக்கும். பெரிய துளிகளைக் காற்று அடியில் அழுத்துவதால் அவை இட்லியின் வடிவத்துக்கு வந்துவிடும், அடிப்பக்கம் தட்டை, மேற்பக்கம் கவிந்த வளைவு. இரண்டு அளவுத் துளிகளும் ஒரே மழையில் கலந்து விழுந்தால், வடிவத்துக்கு ஒன்றாக இரண்டு வில்கள். வில்லின் கால்களை உண்டாக்கும் ஒளி துளிக்குள் படுக்கைவாட்டில் ஓடுகிறது. மேலிருந்து பார்த்தால் இட்லியும் வட்டம்தானே? அதனால் கால்கள் ஒன்றிவிடுகின்றன. உச்சியை உண்டாக்கும் ஒளி செங்குத்தாக ஓடுவதால் அங்கே தட்டை தன் வேலையைக் காட்டுகிறது. தூறலும் கனமழையும் பக்கத்துப் பக்கத்தில் பெய்யும் வெப்பமண்டலப் பிற்பகல் இதற்கு ஏற்ற களம்.

ஜொகூர் நீரிணைக்கே உரிய வாய்ப்பு ஒன்றும் இருக்கிறது. அசையாத நீரில் பட்டுத் தெறிக்கும் வெயில், தரைக்குக் கீழே இரண்டாவது சூரியன் இருப்பதுபோல மேல்நோக்கிப் பாயும். அந்த ஒளியிலும் மழைத்துளிகள் வில் வரையும். அந்த வில்லின் மையம் தொடுவானத்துக்கு மேலே இருப்பதால், வழக்கமான வில்லோடு அடியில் ஒட்டி, மேலே ஏறும்போது வெளிப்பக்கமாக விலகிப் போகும். திறந்த கடலின் அலையில் இது சிதறிவிடும். அமைதியான நீர் வேண்டும். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் நீரிணையை இரண்டாகத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. அதன் மேற்குப் பகுதியில் காற்றில்லாத மாலைகளில் தண்ணீர் தகடாகக் கிடக்கும். சூரியன் அந்தப் பக்கம் இறங்க, மழை பாசிர் கூடாங் பக்கம் விலகிப் போனால், எல்லாம் கூடிவந்துவிட்டது என்று சொல்லலாம்.

நிலவொளியிலும் வானவில் உண்டு. முழுநிலவின் ஒளி வெயிலில் நாலு லட்சத்தில் ஒரு பங்குதான், ஆகவே கண்ணுக்கு அது வெண்மையாகத் தெரியும். நிறம் பார்க்க நெடுநேரம் திறந்த கேமரா வேண்டும். அமாவாசையில் வரும் தீபாவளிக்கு இதை எதிர்பார்க்க முடியாது, முழுநிலவை ஒட்டி வரும் தைப்பூசத்துக்கு எதிர்பார்க்கலாம். சூரியனுக்குச் சொன்ன 42 பாகைக் கணக்கு நிலவுக்கும் பொருந்தும் என்பதால் இரவு ஏழரையிலிருந்து பத்து மணிவரை ஒரு வாய்ப்பு, விடியலுக்கு முன் மூன்று மணி நேரம் இன்னொன்று. ஏப்ரல் முதல் நவம்பர்வரை இரண்டாவதைச் சுமத்ரா அடிக்கடி கெடுத்துவிடும். அந்நேரம் நிலவு இருப்பது மேற்கே, மேகம் வருவதும் மேற்கிலிருந்து.

தங்காக்கில் 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங்கில் ஏறுபவர்கள் காலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு கீழே நிற்கும் பனிமூட்டத்தைப் பார்த்தால் வெள்ளை வானவில் தெரியக்கூடும். மூட்டத்தின் துளிகள் அவ்வளவு சிறியவை, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விரிந்து வெளுத்துவிடுகின்றன. செனாயிலிருந்து பறப்பவர்கள் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்துச் சன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கினால், மேகத்தில் விழும் விமான நிழலைச் சுற்றிச் சிறு வண்ண வளையங்கள் தெரியும். இவை பற்றி மேலும் பேச எனக்கு ஆசையில்லை, எல்லா ஊருக்கும் பொதுவானவை.

கடைசியாக, கிட்டத்தட்ட யாரும் பார்த்திராத ஒன்று. துளிக்குள் மூன்றுமுறை பிரதிபலித்து வரும் ஒளி, சூரியன் இருக்கும் பக்கத்திலேயே, சூரியனைச் சுற்றி 40 பாகையில் மூன்றாம் வானவில்லை வரைகிறது. நாலுமுறை பிரதிபலித்தது 45 பாகையில். இவை சூரியனின் கூச்சத்தில் மூழ்கிப்போகும். 2011க்கு முந்தைய 250 ஆண்டுகளில் மூன்றாவது வில்லைக் கண்டதாக அறிவியல் முறையில் பதிவானவை ஐந்தே. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் வானிலையியலாளர் ரேமண்ட் லீ எந்தச் சூழலில் அது தெரியும் என்று கணக்கிட்டுச் சொன்னார். கறுத்த இடிமேகம் பின்னணியில் வேண்டும், கனமழை பெய்ய வேண்டும், அந்த மழைமேல் வெயில் நேராக விழவும் வேண்டும். 2011இல் ஜெர்மனியில் மைக்கேல் கிராஸ்மன் மூன்றாவது வில்லைப் படம் பிடித்தார். அடுத்த மாதமே மிக்கேல் தாய்ஸ்னர் நான்காவதையும் சேர்த்துப் பிடித்தார்.

லீ கேட்ட சூழலைத் தமிழில் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்போம். மலாய்க்காரர்கள் ஹுஜான் பானாஸ் என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஜொகூரில் மாலை ஐந்தரை மணிக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. கிழக்கே இரட்டை வானவில் பளிச்சென்று விழுந்து, எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் திரும்பி மேற்கைப் பாருங்கள். சூரியனை ஒரு தூணுக்குப் பின்னால் மறைத்து, அதிலிருந்து இரண்டு சாணுக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி, கறுத்த மேகத்தின்மேல் கேமராவை அசையாமல் வைத்து இருபது முப்பது படங்கள் அடுத்தடுத்து எடுங்கள். திரையில் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிற வேறுபாட்டைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.